மிச்சமான நேரம் யாருக்கு?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



இன்ஜினீயரைப் பேசக் கூப்பிட்டால் வேலை வாய்ப்பைப் பற்றித்தான் பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். நான் கூலியைப் பற்றிப் பேசப் போகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சேத்துப்பட்டு. லூர்து மாதா கோயில் மணியும் தறிச் சத்தமும் கேட்டு வளர்ந்தவன். சில ஆண்டுகளுக்கு முன் ஆரணிப் பக்கம் ஒரு பட்டு முதலாளியின் தறிகளுக்கு எலக்ட்ரானிக் ஜக்கார்டு பெட்டி பொருத்தினேன். முன்பெல்லாம் டிசைன் மாற்ற அட்டை குத்தி, கோத்து, மாட்ட நாள் கணக்காகும். அதுவரை தறி சும்மா கிடக்கும், கூலியும் கிடையாது. இப்போது கம்ப்யூட்டரில் மாற்றினால் போதும். எனக்கு ஒரே பெருமை!

ஆறு மாதம் கழித்துப் போனேன். ஒரு பெரியவர் சொன்னார்: "தம்பி, பெட்டி நல்லா வேலை செய்யுது. முன்னைவிட சேலை கூடவே வருது. அதனால சேலைக்கு இவ்வளவு போதும்னு கூலியைக் குறைச்சுட்டாங்க. மிச்சமான நேரம் யாருக்குப்பா போச்சு?"

முதலாளியைக் கேட்டேன். "அவர் ஒத்துக்கிட்டாரே!" என்றார். ஒத்துக்கொள்ளாமல் என்ன செய்வார்? வாங்கிய முன்பணம் கழுத்தில் நிற்கிறதே! நானும் என் பில்லை வாங்கிக்கொண்டு பேசாமல் வந்துவிட்டேன்.

அந்தப் பேசாமைதான் என்னைப் படிக்க வைத்தது. 1891-ல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ, 'ரேரும் நோவாரும்' என்ற சுற்றுமடலில் இதே கேள்வியைத்தான் எடுத்தார். தொழிலாளி சம்மதித்துவிட்டான் என்பதால் மட்டும் கூலி நியாயமாகிவிடாது. வேறு வழியின்றி ஏற்றுக்கொண்டால் அது அநீதி என்றார். 1964-ல் பம்பாய்க்கு வந்து நம் நாட்டைக் கண்ணால் கண்டவர் ஆறாம் பவுல். 1967-ல் 'போப்புலோரும் ப்ரொக்ரெஸ்ஸியோ' என்ற மடலில் அதே நியாயத்தை நாடுகளுக்கும் நீட்டினார். மூலப்பொருள் விற்கும் ஏழை நாடும், இயந்திரம் விற்கும் பணக்கார நாடும் சமமானவையல்ல. அவற்றிடையே சந்தை விலை ஒன்றே நீதியாகாது என்பது அவர் வாதம். வளர்ச்சி என்றால் பொருள் பெருகுவது மட்டுமல்ல, முழு மனிதனும் எல்லா மனிதரும் உயர்வது என்றும் விளக்கினார். 2025-ல் பொறுப்பேற்ற திருத்தந்தை பதினான்காம் லியோ, செயற்கை நுண்ணறிவுக் காலத்தில் உழைப்பைக் காக்க வேண்டும் என்பதைக் காரணம் காட்டியே அந்தப் பெயரைத் தேர்ந்துகொண்டார்.

எந்த மதத்தவரானாலும் இந்தக் கணக்கு நமக்குப் புரியும். முன்பணத்தில் மாட்டிய நெசவாளியும் கடனில் மாட்டிய நாடும் ஒரே தறிக்குழியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இப்போது கொட்டேஷன் கொடுக்கும் முன் நான் ஒன்று கேட்கிறேன்: "மிச்சமாகும் நேரத்தில் தொழிலாளிக்குப் பங்கு எவ்வளவு?" இதனால் இரண்டு ஆர்டர் கைவிட்டுப் போனது உண்மை. ஒருவர் மட்டும் பழைய கூலியைக் குறைப்பதில்லை என்று எழுதிக் கொடுத்தார். ஒன்று, பூஜ்யமல்ல.

தம்பி தங்கைகளே, நாளை நீங்களும் இயந்திரம் பொருத்துவீர்கள். அது ஓடுகிறதா என்று பார்ப்பதோடு நிற்காதீர்கள். அந்தப் பெரியவரின் கேள்விக்கு நான் இன்னும் முழுப் பதில் சொல்லவில்லை. நீங்கள் சொல்வீர்கள் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறேன்.