கடல் இடது கைப் பக்கம்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில், பிப்ரவரிச் சுற்றுலா குறித்துப் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைப் பத்து நிமிடம் பேசச் சொன்னார். விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேன், ஆறேழு கார்களில் ஈ.சி.ஆர். வழியாகப் போய்வரலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். எதுவரை போவது என்பதில்தான் தகராறு. நமது வாட்ஸ்அப் குழுவில் ஒரு கட்சி பாண்டிச்சேரி என்கிறது. இளைஞர் கட்சி, "சனி இரவே கிளம்பினால் தனுஷ்கோடியில் சூரிய உதயம்" என்கிறது. நான் சொல்லப்போவது இரண்டும் இல்லை. மரக்காணத்தோடு திரும்பிவிடலாம் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன், பிறகு நீங்கள் முடிவு செய்யுங்கள்.

முதலில் ஓர் ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலை என்று பெயர் இருக்கிறதே தவிர, அதில் போனால் கடல் தெரியாது. முட்டுக்காடு பாலத்தில் சற்று நேரம் தெரியும். மற்றபடி பெரும்பாலும் மதில் சுவர், ரிசார்ட், சவுக்குத் தோப்பு, மனைப்பிரிவுப் பலகை. நம் கரை தட்டையானது. சாலை ஏறி நின்று கடலைக் காட்ட இங்கே குன்று இல்லை.

நம்மில் பலர் பிள்ளைகளைப் பார்க்க இங்கிலாந்து போய்வருகிறோம். அதன் தென்கரை வேறு மாதிரி. ஈஸ்ட்போர்ன் பக்கம் பீச்சி ஹெட் என்ற சுண்ணாம்புப் பாறை 160 மீட்டருக்கு மேல் செங்குத்தாக நிற்கிறது. மேற்கே டார்செட்டில் 2001-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஜுராசிக் கரை. அங்கே சாலையே மேட்டில் ஏறிக் கடலைக் காட்டுகிறது. ஆனால் அங்கே போகிறவர்களுக்கு ஒரு யோசனை உண்டு: கிழக்கிலிருந்து மேற்காக ஓட்டுங்கள். அங்கும் வண்டி இடது பக்கம்தான் ஓடுகிறது. அப்படிப் போனால் கடலும் இடது பக்கம். நினைத்த இடத்தில் இடதுபுறம் ஒதுங்கலாம், எதிர் வண்டியைக் குறுக்கே வெட்ட வேண்டாம்.

அதே கணக்குதான் நமக்கும். தெற்கே போகும்போது கடல் இடது கைப் பக்கம். கடலைப் பார்க்க வேண்டுமானால் சாலையை விட்டு இடதுபுறம் கிளைச் சாலையில் இறங்கியே ஆகவேண்டும். திரும்பி வரும்போது அதே கடல் வலது பக்கம் போய்விடும். அப்போது ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் எதிரே வேகமாக வரும் வண்டிகளைக் கடந்து திரும்ப வேண்டும். மாலை வெளிச்சம் மங்கும் நேரத்தில், களைத்த ஓட்டுநரோடு, வேன் நிறையப் பெரியவர்களை வைத்துக்கொண்டு அது தேவையா? அதனால் கடல் முழுவதையும் போகும்போதே பார்த்துவிட்டு, வீட்டுக்கு வேறு வழியில் வருவோம்.

அந்த வேறு வழிக்கு வசதியான இடம் மரக்காணம். அங்கிருந்து மேற்கே திண்டிவனத்துக்கு நேர் சாலை இருக்கிறது. திண்டிவனம் வந்துவிட்டால் ஜி.எஸ்.டி. ரோடு, மேல்மருவத்தூர், செங்கல்பட்டு, வண்டலூர், தாம்பரம். அடையாறுக்காரர்களுக்கு இது சுற்று வழி. தாம்பரத்துக்காரர்களுக்கு வாசல் வழி. மொத்தம் சுமார் 250 கிலோமீட்டர். ஒரே நிபந்தனை, திண்டிவனத்தை மதியம் மூன்று மணிக்குள் விட்டுவிட வேண்டும். ஞாயிறு மாலை ஊரிலிருந்து திரும்பும் கூட்டம் செங்கல்பட்டிலிருந்து எப்படி நிற்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி வழி. காலை ஐந்தரைக்குக் கிளம்புவோம். ராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வந்து அக்கரையில் ஈ.சி.ஆர். பிடிக்கலாம். வண்டலூர் - கேளம்பாக்கம் ரோடு வழியாகக் கோவளத்தில் ஏறுவது சுலபம் என்று சிலர் சொல்கிறார்கள். உண்மைதான், ஆனால் முட்டுக்காடு பாலம் தவறிப்போகும். அந்தப் பாலத்தை விடியலில் கடக்க வேண்டும்; அதற்காகத்தான் ஐந்தரை. ஞாயிறு காலை ஈ.சி.ஆரில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள், இடது ஓரம் அவர்களுக்கு. கார் ஓட்டும் நம் பையன்கள் கவனிக்கவும்.

முதல் நிறுத்தம் கோவளம். 2021-ல் நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரை இது. அந்தச் சான்றுக்குக் கழிப்பறை, சுத்தம் இவற்றோடு உயிர்காப்பாளரும் இருக்க வேண்டும் என்பது விதி. குழந்தைகள் தண்ணீரில் இறங்குவது என்றால் நம் பயணத்தில் இந்த ஒரே இடத்தில்தான், உயிர்காப்பாளர் பணியில் இருக்கும் நேரத்தில்தான். மற்ற எந்த இடத்திலும் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் கூடாது. நீச்சல் தெரியும் என்று சொல்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இதைச் சற்று விளக்க வேண்டும். அலையாகக் கரைக்கு வரும் தண்ணீர் எல்லாம் எங்கேயாவது வழியாகத் திரும்பிப் போகவேண்டும் அல்லவா? மணல் திட்டுகளுக்கு நடுவே பள்ளமான ஓர் இடத்தில் அது ஒன்றுசேர்ந்து ஆறு மாதிரி உள்ளே இழுத்துக்கொண்டு ஓடும். அந்த இடத்தில் அலை உடையாது. பார்க்க அமைதியாக இருக்கும். "இங்கே அலை குறைவு, குழந்தையை இங்கே விடலாம்" என்று நாம் தேர்ந்தெடுப்பதும் அதே இடத்தைத்தான். இழுப்பில் மாட்டியவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுத்தான் சோர்ந்துபோகிறார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் இழுப்பு விட்டுவிடும். காப்பாற்றக் குதிக்கும் அப்பாவோ மாமாவோ அடுத்ததாகப் போவதுதான் பல செய்திகளில் நாம் படிப்பது. குதிக்காதீர்கள். தண்ணீர் கேன், டயர் ட்யூப், கயிறு எது கையில் இருக்கிறதோ வீசுங்கள். மீனவர்களைக் கூப்பிடுங்கள். கடலோரக் காவல் எண் 1093, பொது அவசர எண் 112. இரண்டையும் இப்போதே கைபேசியில் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து சாளுவன்குப்பம். புலிக்குகையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதன் அருகில் மணலுக்குள் ஒரு முருகன் கோயிலின் அடித்தளம் இருக்கிறது. 2004 சுனாமி மணலை அரித்து ஒரு கல்வெட்டுப் பாறையை வெளியே காட்ட, அதைப் பிடித்துக்கொண்டு தொல்லியல் துறை தோண்டிக் கண்டுபிடித்தது. பல்லவர் காலக் கல் கோயிலுக்கு அடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயில். மாமல்லபுரத்தில் டிபன் மட்டும், கோயில்கள் வேண்டாம். பள்ளிச் சுற்றுலாவில் நாலு தடவை பார்த்தாயிற்று.

கல்பாக்கம் அருகே சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டில் கட்டிய கோட்டை, கடலை ஒட்டியே நிற்கிறது. உள்ளே செதுக்கு வேலை செய்த டச்சுக் கல்லறைகள் உண்டு. நம் மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயிலைப் போல இதுவும் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ஆனால் கூட்டமே இராது. மரத்தடியில் உட்கார்ந்து காபி குடிக்கலாம்.

மாமல்லபுரம் தாண்டியதும் நாலுவழியாக்கும் வேலை. மாற்றுப்பாதை, மண்மேடு, திடீரென்று முடியும் தார். இன்னொன்றும் உண்டு. இந்தச் சாலை நெடுகிலும் மீனவர் குப்பங்கள் கிழக்கே. பஸ் நிறுத்தமும் கடையும் பல இடங்களில் மேற்கே. கூடையோடு பெண்கள், சைக்கிளில் பிள்ளைகள், மாடு, எல்லோரும் எந்த நேரமும் குறுக்கே வருவார்கள். நமக்கு அது உல்லாசச் சாலை. அவர்களுக்கு வீட்டு வாசல். சனி இரவில் கிளம்பும் யோசனைக்கு என் முதல் எதிர்ப்பு இதுதான். இரவில் போனால் கடலும் தெரியாது, அவர்களும் தெரியமாட்டார்கள்.

பாலாற்றைக் கடந்து, முதலியார்குப்பம் படகுத் துறையைத் தாண்டினால் கடப்பாக்கம். அங்கே இடதுபுறம் திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. என்னைக் கேட்டால் முழுப் பயணமும் இதற்காகத்தான். முகலாயர் காலத்துக் கோட்டை, 1750-ல் பிரெஞ்சு ஆளுநர் டுப்ளேக்குக் கொடுக்கப்பட்டது, பத்தே வருடத்தில் ஆங்கிலேயர் இடித்துப்போட்டார்கள். இடிந்த செங்கல் சுவர்மேல் ஆலும் அரசும் வேர்விட்டிருக்கின்றன. கோட்டைக்குப் பின்னால் கழிமுகம், அதற்கு அப்பால் மணல்திட்டு, அதற்கும் அப்பால் கடல். மணலில் சற்று நடக்க வேண்டும். முட்டி வலிக்காரர்களுக்குக் கோட்டைச் சுவர் நிழலில் நாற்காலி போடுவோம். மடக்கு நாற்காலி ஆறு கொண்டுவர வேண்டும்.

மரக்காணத்தில் இறங்க வேண்டாம், வெயில் ஏறியிருக்கும். உப்பளங்களை ஜன்னல் வழியே பாருங்கள். பக்கத்தில்தான் 2024-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த கழுவேலி ஏரி. பறவை பார்க்கிறவர்கள் தனியாக ஒரு விடியற்காலை வாருங்கள், நானும் வருகிறேன். ஒன்றரைக்குத் திண்டிவனத்தில் சாப்பாடு. ஐந்து, ஐந்தரைக்கு வீடு.

தனுஷ்கோடி கட்சிக்கு ஒரு வார்த்தை. 1964 டிசம்பர் புயல் அழித்த ஊருக்கு அப்பால், அரிச்சல்முனை வரை 2017-ல் சாலை வந்துவிட்டது. இடது பக்கம் பாக் நீரிணை, வலது பக்கம் மன்னார் வளைகுடா. கடலைப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும் என்றால் தமிழ்நாட்டில் அதுதான் சாலை, மறுக்கவில்லை. ஆனால் இங்கிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் 1620-ல் டேனிஷ்காரர்கள் இறங்கிய தரங்கம்பாடி, ராஜாஜி 1930-ல் உப்பு அள்ளப்போன வேதாரண்யம், சரபோஜி மன்னர் கட்டிய மனோரா. இதையெல்லாம் தூங்கிக்கொண்டே தாண்டுவதா? அதற்கு நாலு நாள் வேண்டும். பள்ளி விடுமுறையில் தனியாகப் போடுவோம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மட்டும் வேண்டாம், புயல் காலம்.

வேன் ஓட்டுநர்கள் முந்தின இரவு வேறு சவாரி ஓட்டியிருக்கக் கூடாது என்று வாடகைக்குப் பேசும்போதே எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லிப் பொருளாளரிடம் கேட்டிருக்கிறேன். நூறு இருநூறு கூடுதலாகக் கேட்டால் கொடுப்போம். இடது பக்க ஜன்னல் இருக்கைகள் அறுபது வயது தாண்டியவர்களுக்கு. பிள்ளைகள் சண்டை போட வேண்டாம், திண்டிவனத்துக்குப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். பெயர் கொடுப்பவர்கள் மாத்திரை நேரம், சாப்பாட்டுப் பத்தியம், எத்தனை மணிக்கு ஒருமுறை கழிப்பறைக்கு நிறுத்த வேண்டும், எல்லாவற்றையும் கூச்சப்படாமல் தாளில் எழுதி, வரும் புதன்கிழமைக்குள் காவலாளியிடம் உள்ள பெட்டியில் போட்டுவிடுங்கள்.