வெட்டுப்பட்ட இன்னொரு தலை

(செங்கோட்டையில் மாணவர்கள், இயக்கத் தோழர்கள் மத்தியில் பேசியதன் எழுத்து வடிவம்)



பெண்ணைத் தெய்வமாக்கிய பண்பாடு நம்முடையது என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். கிரேக்கனும்தான் ஆக்கினான். ஏதென்ஸ் நகரமே அதீனா என்ற தேவியின் பெயரைச் சுமந்தது. அங்கே பெண்ணுக்கு ஓட்டு கிடையாது. அடிமைக்கும் கிடையாது. இந்த அதீனா தகப்பன் ஜீயஸின் தலையிலிருந்து ஆயுதத்தோடு குதித்தவள். தாயைக் கொன்ற ஒரெஸ்டீஸின் வழக்கு வந்தபோது, தன்னைப் பெற்ற தாய் யாருமில்லை என்று சொல்லி அவனுக்கே ஓட்டுப் போடுகிறாள். கி.மு. 458இல் ஈஸ்கிலஸ் போட்ட நாடகத்தில் இது வருகிறது. பாபிலோனியாவிலோ, தியாமத் என்ற ஆதித்தாயை மர்துக் இரண்டாகப் பிளந்து, அந்த உடம்பைக் கொண்டுதான் வானத்தையே செய்கிறான்.

மெடூசாவைப் பாருங்க. ரோமக் கவி ஓவிட் சொல்றபடி, தேவியின் கோயிலுக்குள்ளேயே கடல்தேவன் அவளைப் பலாத்காரம் செய்கிறான். தண்டனை மெடூசாவுக்கு! தேவி அவள் தலைமயிரைப் பாம்பாக்குகிறாள். பிறகு பெர்சியஸ் வந்து தலையை அறுக்கிறான். அந்தத் தலை தேவிக்குக் கவசமாகிறது.

தலை என்றதும் நமக்கு ரேணுகா ஞாபகம் வரணும். தண்ணியில் தெரிந்த கந்தர்வன் நிழலைப் பார்த்தாளாம். ஜமதக்னி வெட்டச் சொல்கிறான், மகன் பரசுராமன் கிளம்புகிறான். மகாபாரதத்தில் அவள் மட்டும்தான் வெட்டுப்படுகிறாள். நம்ம சனங்க சொல்ற கதையில் அவள் சேரிக்கு ஓடி வருகிறாள். ஒருத்தி அவளைக் கட்டிப்பிடித்துக் காப்பாற்றப் பார்க்கிறாள். இரண்டு தலையும் விழுகிறது. உயிர் திரும்பும்போது தலை மாறிப்போகிறது. பார்ப்பனத்தி தலையும் சேரிக்காரி உடம்பும் சேர்ந்தவள் மாரி. ஊருக்கு ஊர் கதை கொஞ்சம் மாறும். ஆனால் பல கோயில்களில் தலையை மட்டும் தரையில் வைத்துக் கும்பிடுகிறார்களே, உடம்பு எங்கே போச்சு?

வேதத்துத் தேவிகள் சண்டை போட்டவர்களில்லை, புராணத்துத் தேவிகள் மட்டும் அசுரனைக் கொல்கிறார்களே, ஏன் என்று அம்பேத்கர் 'இந்து மதத்தின் புதிர்க'ளில் கேட்டார். அவர் இறந்து 31 வருஷம் கழித்து, 1987இல்தான் அது அச்சேறியது. இன்னொரு கேள்வியையும் நாம் சேர்த்துக்கொள்ளலாம்: கொல்லப்பட்ட அசுரன் யார்?

இந்த ஊருக்கு வருவோம். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர், பின்னால் திருவிதாங்கூர்-கொச்சி. அதனால் 1936 நவம்பர் 12 கோயில் நுழைவுப் பிரகடனம் இங்கே செல்லும். பக்கத்துத் தென்காசிக்காரன் சென்னை மாகாணச் சட்டத்துக்குக் காத்துக்கிடந்தான். ஆனால் பிரகடனம் திறந்தது மன்னர், சர்க்கார் வசமிருந்த கோயில்களை. சாதிக்காரன் தெருவில் அவனவன் வைத்திருந்த அம்மன், நம்ம உடம்போடு நிற்கிறாளே அந்த அம்மன், அதற்கு வெளியே. சர்க்கார் கோயிலுக்குள் போகலாம், அம்மன் கொடைக்கு வரி கொடுக்க முடியாது. வரி வாங்கினால் மரியாதை தரணுமே! மேளத்துக்கு மட்டும் ஆள் வேணும். இந்த வழக்கம் எத்தனை ஊரில் இருந்தது என்று உங்களுக்கே தெரியும்.

கடைசியாக ஒரு வேலை சொல்கிறேன். ரேணுகாவுக்குப் பெயர் இருக்கு, வெட்டச் சொன்னவனுக்கும் வெட்டினவனுக்கும் இருக்கு. அடைக்கலம் கொடுத்தவளுக்கு நான் கேட்டவரை பெயரில்லை. சாதிப் பெயரை மட்டும்தான் சொல்கிறார்கள். உங்க தெருவில் கதை சொல்ற பாட்டிகளிடம், வில்லுப்பாட்டுக்காரர்களிடம் போய்க் கேளுங்க. யாராவது ஒரு பெயர் சொன்னால், சொன்னபடியே எழுதி அனுப்புங்க. நம்ம பத்திரிகையில் போடுவோம்.