கம்பி ஷூவும் பிள்ளையின் அழுகையும்

கடன், தவணை, தொழில் பற்றியெல்லாம் முன்னால் பேசியவர்கள் நல்லா சொல்லிட்டாங்க. நான் என் சின்னவன் காலைப் பற்றிப் பேசப் போகிறேன். தலைவி அக்காதான் "அதைச் சொல்லு, நாலு பேருக்கு உதவும்"னு சொன்னாங்க.

அவன் பிறந்தபோது ரெண்டு பாதமும் உள்பக்கமாக மடங்கி இருந்தது. இதுக்கு வளைபாதம் என்று பேர், டாக்டர்கள் கிளப் ஃபுட் என்பார்கள். ஏறக்குறைய ஆயிரம் பிள்ளையில் ஒண்ணுக்கு வரும். பெண் பிள்ளையை விட ஆண் பிள்ளைக்கு ரெண்டு மடங்கு அதிகம். ஏன் வருகிறது என்று பெரும்பாலும் சொல்ல முடியாது. ஆனா நம்ம பக்கம் காரணம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமா? கிரகணத்துல வெளியே வந்தியா, அருவாமனையைத் தொட்டியா என்று கேட்காதவங்க இல்லை. பிள்ளை பார்க்க வந்தவங்க முகத்தைப் பார்க்குறதுக்கு முன்னாடி துணியை விலக்கிக் காலைப் பார்த்தாங்க. "நீ செஞ்ச எதனாலயும் இது வரலைம்மா" என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

என் மாமியார் நாகூர் ஆண்டவருக்கு வெள்ளித் தகட்டில் கால் வாங்கிப் போடுறதா வேண்டிக்கிட்டாங்க. நாங்க இந்துக்கள், இந்த ஊரில் அதை யார் பார்க்கிறா? வேண்டுதலும் இருக்கட்டும், வைத்தியமும் நடக்கட்டும் என்று நான் பிள்ளையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பினேன். முதலில் காட்டின ஒரு இடத்தில் "வளர வளர சரியாயிடும்" என்றார்கள். சரியாகாது. பிறந்த முதல் சில வாரத்தில் எலும்பும் தசைநாரும் இளசா இருக்கும்போதே ஆரம்பித்துவிட வேண்டும். எங்க கிராம நர்ஸம்மாதான் அதை அடிச்சுச் சொல்லி அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க. 2013-ல் வந்த ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் பிறந்ததிலிருந்து 18 வயசு வரைக்கும் பார்க்கிற குறைகளில் வளைபாதமும் ஒண்ணு.

வைத்தியம் இதுதான். டாக்டர் பாதத்தைக் கையால் மெதுவாகத் திருப்பி, தொடை வரைக்கும் மாவுக்கட்டு போடுவார். வாரம் ஒரு தடவை பிரிச்சு, இன்னும் கொஞ்சம் திருப்பி, மறுபடி கட்டு. எங்களுக்கு ஆறு கட்டு ஆச்சு. அப்புறம் குதிகாலுக்கு மேலே இருக்கிற தசைநாரைச் சின்னதா வெட்டிவிட்டு, மூணு வாரத்துக்கு ஒரு கட்டு. வெட்டின நார் அதுக்குள்ள நீளமா வளர்ந்து கூடிடும். போன்செட்டி என்ற டாக்டர் கண்டுபிடிச்ச முறையாம் இது. ஸ்பெயினில் பிறந்து அமெரிக்காவில் அயோவா என்ற மாநிலத்தில் வேலை பார்த்தவர், 2009-ல் காலமானார். பெரிய ஆபரேஷன் செஞ்ச கால்கள் வயசானா விறைச்சுப் போய் வலிக்குது என்று பார்த்துத்தான் இப்படிச் செய்தாராம்.

கட்டு போடும்போது பால் கொடுத்துக்கிட்டே இருக்கணும், அப்பதான் பிள்ளை உதறாது. வீட்டுக்கு வந்ததும் விரல் நுனியை அமுக்கிப் பாருங்க. வெளுத்து உடனே சிவந்தா நல்லது. விரல் நீலமாகவோ சில்லுன்னோ இருந்தா அன்னைக்கே ஓடணும், மறுவாரம் வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

கட்டு காலத்தை விடக் கஷ்டம் அதுக்குப் பிறகு. ரெண்டு ஷூ, நடுவே ஒரு கம்பி. மூணு மாசத்துக்கு ஒரு நாளில் 23 மணி நேரம் காலில் இருக்கணும். மீதி ஒரு மணி நேரம்தான் குளிப்பாட்ட, உருவிவிட, கொஞ்ச. அதுக்கப்புறம் தூங்கும்போது மட்டும், நாலு அஞ்சு வயசு வரைக்கும். கத்திரி வெயில், கரண்டு இல்லாத ராத்திரி, காலை உதைக்க முடியாத பிள்ளை. அவன் சிரிக்கவே மறந்துட்டானோன்னு இருந்துச்சு. வெள்ளைச் சட்டை போட்டவங்க யாரைக் கண்டாலும், பால்காரர் உட்பட, வீறிட்டு அழுவான். பக்கத்து வீட்டு ஆத்தா ராத்திரி எழுந்து வந்து, "பாவி, பச்சப் புள்ளைக்கு விலங்கு மாட்டி வச்சிருக்கியே, கழட்டுடி" என்றாங்க. அவங்களுக்கும் மனசு கேட்கலை, பாவம்.

அழுகை ரெண்டு வகை, அதை ஒரு வாரத்துல நான் கத்துக்கிட்டேன். ஒண்ணு கோபம். தூக்கினா, பேச்சுக் கொடுத்தா தணியும். இன்னொண்ணு வலி, அது எதுக்கும் தணியாது. அப்போ ஷூவைக் கழட்டிக் குதிகாலைப் பார்க்கணும். லேசான சிவப்பு பரவாயில்லை. கொப்புளமோ பளிச்சென்ற சிவப்போ இருந்தா குதிகால் ஷூவுக்குள்ள வழுக்குதுன்னு அர்த்தம். அங்கே எண்ணெய், பவுடர் எதுவும் தடவாம ஆஸ்பத்திரியில் காட்டணும். கோபத்துக்கு மருந்து விளையாட்டு. ஒரு கால் மட்டும் தனியா உதைக்க முடியாதுன்னுதான் அவனுக்குக் கோபம். கம்பியைப் பிடிச்சு ரெண்டு காலையும் சேர்த்து மடக்கி நீட்டி, "ரயில் வருது, கீவளூர் வந்தாச்சு, திருவாரூர் வந்தாச்சு" என்று ஆட்டிக் காட்டுவேன். அஞ்சாறு நாளில் ரெண்டு காலாலயும் ஒண்ணா உதைக்கக் கத்துக்கிட்டான். தரையில் கம்பியைத் தட்டி அவன் எழுப்பின சத்தத்தில்தான் முதல் சிரிப்பைப் பார்த்தேன்.

எங்க குழுவைச் சொல்லாம இருக்க முடியாது. ஆஸ்பத்திரி நாளும் கூட்ட நாளும் ஒண்ணா வந்தா எனக்கு அபராதம் கிடையாதுன்னு தீர்மான நோட்டில் எழுதினாங்க. போக்குவரத்துச் செலவுக்கு உள்கடன் கொடுத்தாங்க. மூத்தவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவந்து சோறு போட்டதும் அவங்கதான்.

நான் இன்னைக்குப் பேச ஒத்துக்கிட்டதுக்குக் காரணம் வேற. நம்ம கூட்டமைப்பிலேயே ஒரு வீட்டில் இதே மாதிரி பிள்ளை. கட்டெல்லாம் முடிஞ்சு பாதம் அழகா நேராயிடுச்சு. பிள்ளை அழுவுது, கால்தான் சரியாயிடுச்சேன்னு வீட்டில் எல்லாரும் சேர்ந்து ஷூவை நிறுத்திட்டாங்க. இப்போ பாதம் திரும்ப உள்ளே போக ஆரம்பிச்சிருக்கு. ஷூவை விட்டா பெரும்பாலும் அப்படித்தான் ஆகும். இப்பவும் காலம் கடந்துவிடலை, மறுபடி கட்டு போட்டுத் திருப்பலாம். அந்தத் தங்கச்சி திட்டு வாங்குவோம்னு பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாம இருக்கு. வர்ற வாரம் நான் கூடப் போறேன்னு சொல்லியிருக்கேன். அன்னைக்கு அவங்க வீட்டு மாட்டைப் பார்த்துக்க யாராவது ஒருத்தர் வேணும்.

என் பையனுக்குச் சின்னதாகிப் போன ஷூ ரெண்டு ஜோடி கம்பியோட வீட்டில் இருக்கு. ஆஸ்பத்திரியில் அளவு பார்த்து சரின்னு சொன்னா, தேவைப்படுற பிள்ளைக்கு எடுத்துக்கலாம். துடைச்சு வெயிலில் காயவச்சு எடுத்து வச்சிருக்கேன்.