சொந்த ஊருக்கு ஒரு சுற்றுலா
(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2025 ஜூலைத் திங்களில் யுனெஸ்கோ அமைப்பு, மராட்டியர் தொடர்புடைய 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. அவற்றுள் தமிழகத்தில் உள்ளது நம் செஞ்சிக் கோட்டை ஒன்றே. செய்தி வந்த நாளில் நாம் அனைவரும் பெருமை கொண்டோம். ஆயினும் செஞ்சியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பிறந்து வளர்ந்த நம்மில் எத்தனை பேர் இராஜகிரியின் உச்சிவரை ஏறியிருக்கிறோம்? திருவண்ணாமலைக்கோ திண்டிவனத்துக்கோ செல்லும் பேருந்தின் சன்னல் வழியே ஆயிரம் முறை பார்த்திருப்போம். வீட்டிற்கு விருந்தினர் வந்தால், "போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று வழிகாட்டியிருப்போம். உடன் சென்றவர் சிலரே. கோட்டை எங்கே போய்விடும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்னும் எண்ணமே காரணம். அந்த நாளை பலருக்கு வருவதே இல்லை.

வெளியூரார் அப்படியில்லை. ஒரு நாளை ஒதுக்கி வருகிறார், நின்று பார்க்கிறார், இது என்ன, யார் கட்டியது என்று கேட்கிறார். அந்தக் கண்களை நாம் ஒருநாள் இரவல் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதே என் உரையின் நோக்கம்.

இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதிலால் பிணைத்து எழுந்தது இக்கோட்டை. உயர்ந்து நிற்கும் இராஜகிரி ஏறத்தாழ 800 அடி. உச்சியை நெருங்கும்போது வழி அறுந்து ஒரு பிளவு குறுக்கிடும், அதன்மேல் பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் பெரும்படையும் அங்கே நின்றுவிட வேண்டியதுதான். அடிவாரத்தில் கூம்பு வடிவ முடியுடன் நிற்கும் கல்யாண மகாலும், அகன்ற நெற்களஞ்சியமும், யானைக்குளமும் உள்ளன. 1677இல் சிவாஜி இதைக் கைக்கொண்டார். அவர் மகன் இராஜாராம் இங்கே இருந்தபோது முகலாயப் படை சூழ்ந்து, ஏறத்தாழ எட்டாண்டு முற்றுகைக்குப் பின் 1698இல்தான் உள்ளே நுழைந்தது. தேசிங்கு ராஜன் 1714இல் போரில் மாய்ந்தான். 1750இல் பிரெஞ்சுக்காரரும் 1761இல் ஆங்கிலேயரும் பிடித்தனர். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சூழ நிற்கும் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து சென்றவையே. அங்கே அவற்றின்முன் படம் எடுத்துக்கொள்ளும் நாம், அவை பிறந்த ஊரைப் பார்க்க வேண்டாமா?

நம் குடும்பங்களில் கோட்டையைப் பற்றி வேறொரு கதையும் உண்டு. செஞ்சியை ஆண்ட நாயக்கர் ஒருவர் சமணர்மேல் சினங்கொண்டு பெருந்துன்பம் இழைத்தார் என்றும், திருநீறு அணிந்து தம் சமயத்தை மறைத்து வாழ்ந்தோர் பலர் என்றும் நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அக்காலத்தில் ஒருவர் பொழுது சாயுமுன் நீரை வடிகட்டிக்கொண்டிருந்தார். அச்செயலே அவரைச் சமணர் எனக் காட்டிக்கொடுத்தது. மன்னனுக்கு மகன் பிறந்திருந்த மகிழ்ச்சியால் அவர் உயிர் பிழைத்தார். சிரவணபெளகொளா சென்று துறவேற்று வீரசேனாசாரியர் ஆனார். தாயனூர்க் காங்கேய உடையார் அவரை அழைத்துவர, மறைந்திருந்தோர் மீண்டும் தம் அறத்திற்குத் திரும்பினர் என்பது வழிவழி வரும் வரலாறு.

இக்கதையை நினைத்து, "அந்தக் கோட்டையில் நமக்கென்ன வேலை?" என்று கேட்கும் பெரியவர்கள் இன்றும் உள்ளனர். அவர்கள் மனத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் பகையை நெஞ்சில் வைத்தல் நம் அறமன்று. கோட்டைக்குச் சென்று அக்கதையை அங்கே நின்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம். அரியணை இருந்த இடத்தில் இன்று புல் முளைத்திருக்கிறது. நீர் வடிகட்டும் வழக்கம் நம் அடுப்பங்கரையில் இருக்கிறது. எது நிலைத்தது என்பதைப் பிள்ளைகள் தாமே உணர்ந்துகொள்வார்கள்.

கோட்டையோடு திரும்பிவிடலாகாது. செஞ்சிக்கு வடக்கே சிங்கவரம் செல்லும் வழியில், சுமார் மூன்று கிலோமீட்டர் தொலைவில் திருநாதர்குன்று இருக்கிறது. குன்றின்மேல் ஒரு பெரும்பாறையில், வரிசைக்குப் பன்னிருவராக இரண்டு வரிசையில் 24 தீர்த்தங்கரர்களும் வீற்றிருக்கின்றனர். அருகே பழைய வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று, சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த நிசீதிகை அது என்று அறிவிக்கிறது. இளைய பட்டாரகர் ஒருவர் 30 நாள் நோன்பிருந்து உயிர் நீத்ததைச் சொல்லும் கல்வெட்டும் அங்குண்டு. 'ஐ' என்னும் எழுத்து காணப்படும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்றாகச் சந்திரநந்தியாரின் கல்வெட்டை அறிஞர் போற்றுவர். 'ஐம்பத்தேழு' என்ற நோன்புக் கணக்கின் முதலெழுத்தே அந்த 'ஐ'. தமிழ் படித்த எனக்கு அவ்வெழுத்தின்முன் நிற்பது ஆலயத்தில் நிற்பதற்கு நிகர்.

இரு குன்றுகளையும் ஒரே நாளில் காண்பவர் ஒன்றைத் தவறாமல் எண்ணுவார். கோட்டையின் களஞ்சியம் முற்றுகைக் காலத்துக்கென நெல்லைச் சேர்த்துவைத்தது. வெளியே நின்ற படையோ, உள்ளிருப்போரைப் பசியால் பணியவைக்க முயன்றது. திருநாதர்குன்றில் நோன்பிருந்தவர் எவர் பசியையும் கருவியாக்கவில்லை. தம் பசியைத் தாமே வென்றார். ஒரு குன்றின் வெற்றியை ஏழெட்டுக் கைகள் மாறி மாறிப் பறித்தன. மறு குன்றின் வெற்றியைப் பறிக்க எவராலும் இயலவில்லை.

செஞ்சி வட்டாரத்து நெகனூர்ப்பட்டிக்கும் செல்லுங்கள். அங்குள்ள தமிழ்-பிராமிக் கல்வெட்டு, சேக்கந்தி என்பாரின் தாயாகிய சேக்கந்தண்ணி என்னும் பெண்மணி துறவியர்க்குப் பள்ளி செய்வித்த செய்தியைத் தருகிறது. சமண முனிவர் தங்கிய இடத்திற்கு வழங்கிய 'பள்ளி' என்னும் சொல்லையே இன்று நம் பிள்ளைகள் படிக்கும் இடத்திற்கும் வழங்குகிறோம். அரசியரின் பெயர்கள் பல மறைந்துபோக, ஒரு தாயின் பெயர் பாறையில் நிற்கிறது. நம் மகளிர் தம் பெண்மக்களை அழைத்துச் சென்று காட்ட வேண்டிய இடம் அது.

இதை இத்துணை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் அயல்நாடுகளுக்கும் சென்றுவிட்டனர். ஊர்களில் முதியோரே மிகுதி. கோட்டைக்கு உலகமே காவல். சிறு குன்றுகளுக்கு நாமே காவல். கல்லுக்காகக் குன்றுகள் உடைபடும் காலம் இது. எவரும் செல்லாத குன்றில் ஓர் எழுத்துச் சிதைந்தால், சிதைந்ததென்று சொல்லவும் ஆளிருக்காது.

ஆதலால் அறக்கட்டளையினர்க்கும் குடும்பத்தினர்க்கும் ஒரு விண்ணப்பம். ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடுமுறைக்கு வந்த பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, சொந்த ஊருக்குச் சுற்றுலா செல்லுங்கள். வெயிலுக்கு முன் கோட்டை ஏறுங்கள். மாலையில் திருநாதர்குன்றுக்குச் சென்று, பொழுது சாயுமுன் உணவு கொள்ளும் வகையில் இறங்கிவிடுங்கள். ஏற இயலாத முதியோர் அடிவாரத்தில் அமர்ந்து கதை சொல்லட்டும். கல்வெட்டின்மேல் சுண்ணக்கட்டி தேய்க்க வேண்டா. திருமேனிகளுக்கு எண்ணெயோ வண்ணமோ பூச வேண்டா. வணங்குங்கள், கண்ணால் படியுங்கள். சிறுவர் தாம் கண்டதை ஒரு பக்கம் எழுதட்டும். அப்பக்கங்கள் அடுத்த ஆண்டு விழா மலரில் இடம்பெறுமாயின், இன்று நான் பேசியது பயன்பட்டதென மகிழ்வேன்.

 எல்லா உயிர்களும் இன்புற்று வாழ்க. ஜெய் ஜினேந்திர.