டைபாய்டும் தடுப்பு ஊசியும்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



உணவினாலும் நீரினாலும் பரவும் நோய்களுள் டைபாய்டு ஜுரம் மிகக் கொடியது. இதன் கிருமி மனிதன் உடலிலன்றி வேறெந்தப் பிராணியிடமும் இயற்கையாக வாழ்வதில்லை. நோயாளியின் மலத்தோடு வெளிப்பட்டு, நீரிலும் உணவிலும் கலந்து, மற்றொருவர் வயிற்றை அடைகின்றது. நோய் நீங்கிய பின்னரும் சிலருடைய பித்தப்பையில் கிருமி தங்கிவிடுவதுண்டு. அத்தகையோர் நலமாகவே நடமாடுவர். ஆயினும் அவர் கைபட்ட பண்டம் பிறருக்கு நோய் தரக்கூடும்.

இதற்குத் தடுப்பு மருந்து காணும் முயற்சி 1896-ஆம் ஆண்டிலேயே தொடங்கிற்று. இங்கிலாந்தில் ஆல்ம்ராத் ரைட் என்பவரும், ஜெர்மனியில் பைஃபர், கோலே என்போரும் கொல்லப்பட்ட கிருமிகளை ஊசி மூலம் செலுத்தினர். பயன் கிட்டியது, ஆனால் ஊசி போட்ட இடம் வீங்கிற்று, காய்ச்சலும் கண்டது. பிற்காலத்தில், கிருமியின் மேலுறையாகிய சர்க்கரைப் பொருளை மட்டும் பிரித்தெடுத்து மருந்தாக்கினர். தொல்லை குறைந்தது. எனினும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உடல் அச்சர்க்கரையைப் பகையென்று உணரவில்லை. மற்றவர்களுக்கும் அதன் காப்பு சில ஆண்டுகளே நின்றது.

இதற்கு விஞ்ஞானிகள் ஓர் உபாயம் கண்டனர். அச்சர்க்கரைப் பொருளை, நஞ்சு நீக்கிய டெட்டனஸ் புரதத்தோடு பிணைத்தனர். புரதத்தைக் கண்டதும் சிசுவின் உடலும் விழித்துக்கொள்கின்றது; அதனோடு இணைந்துள்ள சர்க்கரையையும் அடையாளம் கண்டு நினைவில் இருத்துகின்றது. இம்முறையில் ஹைதராபாத்திலுள்ள பாரத் பயோடெக் நிறுவனம் ஆக்கிய மருந்துக்கு உலக சுகாதார நிறுவனம் 2017 டிசம்பரில் தகுதிச் சான்று அளித்தது. நேபாளத்தில் சுமார் 20,000 சிறுவர்களைக் கொண்டு நடந்த சோதனையில், அம்மருந்து பெற்றவர்களிடையே டைபாய்டு 80 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது 2019-இல் வெளியாயிற்று.

மருந்து இருக்கத் தடுப்பு எதற்கு என்று கேட்கலாம். பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016-இல் பல மருந்துகளுக்கும் அடங்காத டைபாய்டு பரவிற்று. வாயால் உட்கொள்ளும் மருந்துகளில் அஸித்ரோமைசின் ஒன்றே எஞ்சிற்று. அந்நாடு 2019 நவம்பரில் இத்தடுப்பு ஊசியைக் குழந்தைகளுக்கு வழக்கமாக்கத் தொடங்கியது. நம் நாட்டில் 2017 முதல் 2020 வரை டில்லி, கல்கத்தா, புனா, வேலூர் ஆகிய பகுதிகளில் குழந்தைகளைத் தொடர்ந்து கண்காணித்தபோது, நோய் மிகுந்திருந்தது நம் வேலூரில்தான். எனவே இது நம் வீட்டுக் கவலையே.

ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு இந்த ஊசி ஒருமுறை போட்டால் போதும் என்பது குழந்தை வைத்தியர்களின் பரிந்துரை. ஆயினும் பாராடைபாய்டு, காலரா, மஞ்சட்காமாலை ஆகியவற்றை அது தடுக்காது. ஊசி ஒரு நோய்க்குக் கதவடைக்கும். தூய நீர் பல நோய்களுக்குக் கதவடைக்கும். ஆகவே மேல்நிலைத் தொட்டியைக் காலந்தவறாது கழுவி, நாள்தோறும் குளோரின் கலப்பதும், சாக்கடையினூடே செல்லும் உடைந்த குழாயை உடனே செப்பனிடுவதும், ஒவ்வொரு வீட்டிலும் கழிப்பறை பயன்படச் செய்வதும் ஊராட்சியின் கடமையாகும். உணவைத் தொடுமுன் சோப்பிட்டுக் கை கழுவுவது ஒவ்வொருவரின் கடமை.

இவ்விரண்டு காவலையும் ஒருங்கே மேற்கொண்டு, நம் குழந்தைகளைக் காப்போமாக.