உதகைப் பூங்காவிலே

தில்லியிலும் மும்பையிலும் வாழும் நாம், கோடை விடுமுறையில் ஊர் வரும்போது உதகமண்டலம் சென்று, அங்குள்ள தாவரவியல் பூங்காவைக் கண்டு வருகிறோம். புல்தரையில் அமர்ந்து, மலர்களைப் பார்த்துக் களித்து, அந்தியில் மலையிறங்கி விடுகிறோம். அப்பூங்காவின் வரலாற்றையும் சிறிது அறிந்து செல்வோமாயின், காட்சியின் சுவை பெருகும்.

அதன் தொடக்கம் காய்கறித் தோட்டமே. அங்குக் குடியிருந்த ஐரோப்பியர்கள் 1845-இல் மாதம் 3 ரூபாய் சந்தா செலுத்தி அதனை நடத்தினார்கள். அம்முயற்சி நிலைக்கவில்லை. 1848-இல் வந்த வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் என்பார், தொட்டபெட்டாவின் அடிச்சரிவைப் படிப்படியாகத் திருத்திப் பூங்காவாக்கினார். இன்று அதன் பரப்பு ஏறத்தாழ 55 ஏக்கர். மலேரியாவுக்கு மருந்தாகிய கொயினாவைத் தரும் சின்கோனா மரம், தென்னமெரிக்காவிலிருந்து வந்து 1860-களில் நீலகிரியில் வேரூன்றியதும் அவருடைய கண்காணிப்பிலேதான்.

ஆயினும், இம்மலைக்கு வந்த மரங்களெல்லாம் நன்மையே செய்தன என்று சொல்வதற்கில்லை. விறகுக்கென ஆஸ்திரேலியாவிலிருந்து கொணர்ந்த வாட்டில் மரம், நட்ட இடத்தில் நில்லாமல் பரவி, மலையின் புல்வெளிகளைப் பெரிதும் விழுங்கிவிட்டது. தோடர்களின் எருமைகள் தலைமுறை தலைமுறையாக மேய்ந்த புல்வெளிகள் அவை.

அடுத்த முறை செல்லும்போது, 2 கோடி ஆண்டுப் பழமை கூறப்படும் கல்மரத்தோடு நின்றுவிடாமல், பூங்காவின் மேற்புறத்திலுள்ள தோடர் மந்து வரையிலும் ஏறிச் செல்வோம். வேற்று மண்ணில் வேரூன்றியவர்கள் நாம். வந்த மரத்தின் கதை நமக்கு எளிதில் விளங்கும். இடங்கொடுத்த மண்ணின் கதையையும் நாம் கேட்டறிய வேண்டும்.