நெற்றும் நெத்தும்



சிங்கப்பூரில் 1859இல் தோன்றிய தாவரவியல் பூங்காவை இங்குள்ள தமிழர் பூமலை என்பர். சென்ற ஆகஸ்டு இறுதியில் மாணவர் சிலரோடு அங்கே சென்றிருந்தோம். கோடையின் கடைசி என்றொரு பருவம் நமக்கு இல்லை. எனினும், வறண்ட நாள்களை அடுத்து மழை பெய்தால் மரங்கள் பூக்கின்றன. சரக்கொன்றையில் பொன்னிறக் கொத்துகளும், முந்திய பூப்பில் விளைந்து கறுத்த நீண்ட காய்களும் ஒரே கிளையில் தொங்கின.

கீழே கிடந்த ஒன்றை மாணவன் எடுத்து ஆட்டினான் (பறிக்கவில்லை, அங்கே பறித்தல் கூடாது). உள்ளே விதைகள் கலகலத்தன. "ஐயா, இதற்குத் தமிழில் என்ன பெயர்?" என்றான். "காய்" என்றோம். "காய் என்றால் பச்சையாக இருக்குமே?" என்றான். உடன் வந்த ஆசிரியர் "விதைப்பை" என்றார். அருகில் சருகு கூட்டிக்கொண்டிருந்த தமிழகத் தொழிலாளர் நிமிர்ந்து, "அது நெத்துங்க ஐயா" என்றார். மாணவர்கள் சிரித்தனர். நமக்குச் சிரிப்பு வரவில்லை. அச்சொல்லை நூலில் பல்லாண்டு கற்பித்தவர் நாம்; பொருள் கையில் இருந்தபோது நாவில் வரவில்லை.

நேற்று என்பது பேச்சில் நேத்து ஆனதுபோல, நெற்று நெத்து ஆயிற்று. முற்றி உலர்ந்து, விதைக்கத் தக்க வித்தை உள்ளே கொண்டிருப்பதே நெற்று. காயும் அன்று, கனியும் அன்று. தமிழகச் சிற்றூர்களில் முருங்கை நெத்து, புளிய நெத்து, உளுந்து நெத்து என இன்றும் வழங்குகின்றனர். அரும்பு முதல் செம்மல் வரை பூவின் ஏழு பருவப் பெயர்களை நம் மாணவர் தேர்வுக்காக ஒப்பிக்கின்றனர். பூ உதிர்ந்த பின் மரத்தில் நிகழ்வதற்கு அவர்களிடம் சொல் இல்லை.

சில வாரங்கள் கழித்து அம்மாணவன் தன் கட்டுரையைக் காட்டினான். "கொன்றை நெத்து" என்று எழுதியிருந்தான். திருத்தியவர் சிவப்பு மையால் அடித்து, "காய்" என்று மேலே எழுதியிருந்தார். கொச்சை எனக் கருதியிருக்கலாம். எழுத்தில் "நெற்று" என்று திருத்தியிருந்தால் போதும். ஈரெழுத்து மாற வேண்டிய இடத்தில் சொல்லே போய்விட்டது.

மேசைமேல் இருப்பது வாகை நெற்று. முன்வரிசையிலிருந்து கைமாறட்டும், ஒவ்வொருவரும் ஆட்டிக் கேளுங்கள். கயிற்றின்மேல் ஆடுவோர்க்குக் கொட்டும் பறையொலியை இந்த ஓசைக்கு உவமையாக்கிய குறுந்தொகை ஏழாம் பாடலை அதன்பின் படிப்போம்.